காற்றடிக்கும் நாளின் மாத்திரை

மருந்தாளுநர் மாலை வகுப்பில் இதய நோய்ப் பாடம் தொடங்கிய அன்று எங்கள் எல்லோருக்கும் மிட்டாய் கிடைத்தது.

வகுப்பு நடந்தது ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில். ஒரு காலத்தில் படுக்கை விரிப்புகளை வெளுத்த நீண்ட அறை அது. சுவரோரம் குழாய்கள் அப்படியே இருந்தன. மழைக்காலத்தில் தரையிலிருந்து பழைய சோப்பு வாசனை எழும்பும். பகலெல்லாம் எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் நாங்கள். மெத்தைக் கடைக்காரர் முதல் வரிசையிலேயே உட்கார்ந்து தூங்குவார். கேட்டால், "விக்கிற சரக்கோட குணம், ஒட்டிக்கிச்சு" என்பார். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் சட்டத்துக்கு வில்லை பொருத்துகிறவன். எதைச் சொன்னாலும் "அப்படித்தானா?" என்று கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போனபின் மறுபடி யோசிப்பேன். அதனால் வகுப்பில் எனக்குச் 'சந்தேகம்' என்று பெயர். என் பக்கத்து நாற்காலிக்காரிக்குத் 'தராசு'. பொடியை நிறுக்கச் சொன்னால் முள் அசையாமல் நிற்கும்வரை மூச்சுகூட விடமாட்டாள். மனிதர்களையும் அப்படித்தான் நிறுப்பாள்.

"களைச்சுப் போன இதயத்துக்கு என்ன மருந்துன்னு புத்தகத்தைப் பாத்தா ஒரு சாயங்காலத்துல படிச்சிடலாம்" என்றார் மேடம். ஆஸ்பத்திரி மருந்தகத்தின் ஜன்னலுக்குப் பின்னால் பல வருஷம் நின்றவர். அங்கே பழகிய பழக்கத்தில், பேசும்போது சற்றுக் குனிந்தே பேசுவார். "அதை நாள் தவறாம போடுறது எப்படி இருக்கும்னு புத்தகத்துல இல்ல. ஒரு மாசத்துக்கு நீங்கதான் நோயாளி."

நிஜ மாத்திரைகளின் அளவுக்கே தேடிப் பிடித்து வாங்கிய புதினா மிட்டாய்கள். வெள்ளை வட்டம், தண்ணி மாத்திரை. இதயம் தள்ள முடியாமல் உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக இறக்குவது. இளஞ்சிவப்பு, ரத்தக் குழாயைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைப்பது. மஞ்சள், துடிப்பை நிதானப்படுத்துவது. வெள்ளையைப் போட்ட காலையில், வந்தாலும் வராவிட்டாலும் அரைமணிக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போயே ஆக வேண்டும். அது விதி.

"மேடம், கஸ்டமர் மெத்தையில படுத்துப் பாத்துக்கிட்டு இருக்கும்போது நான் திடீர்னு எந்திரிச்சு ஓடினா என்ன நினைப்பாங்க?" என்றார் மெத்தைக் கடைக்காரர்.

"நோயாளிக்கும் கஸ்டமர் உண்டு. ஓடுங்க."

மிட்டாய் டப்பா பெரியது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆளுக்கொரு பொட்டலமாகப் பிரித்து வரும் பொறுப்பை மேடம் தராசிடம் கொடுத்தார். வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும் பாதி டப்பா வழியிலேயே தீர்ந்திருக்கும்.

பாடத்தில் இன்னொரு பகுதியும் இருந்தது. ஒருவர் நோயாளியாக நடிக்க, இன்னொருவர் மருந்தாளுநராகக் கேள்வி கேட்க வேண்டும். தராசு என்னைக் கேட்டாள்: "மாத்திரை எல்லாம் ஒழுங்கா போட்டீங்களா?"

"போட்டேன்" என்றேன்.

"முடிஞ்சுது" என்றார் மேடம். "கதவைச் சாத்திட்டே. போட்டீங்களான்னு கேட்டா உலகத்துல எல்லாரும் போட்டேன்னுதான் சொல்வாங்க. எதைப் போடுறது கஷ்டமா இருக்குன்னு கேளு."

"கஷ்டமா இருந்தா என்ன மேடம்? போட்டுத்தானே ஆகணும்?"

மேடம் மூன்று முறை திரும்பச் செய்யவைத்தார். மூன்று முறையும் தராசு "போட்டீங்களா" என்றுதான் தொடங்கினாள். நாக்கு அதற்கே பழகிவிட்டிருந்தது. ஏனென்றால் வீட்டில் தினமும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா கிரேன் ஓட்டுகிறவர். கட்டிடங்கள் எழும்பும் இடத்தில் கொக்கைப் போல ஒற்றைக்காலில் நிற்குமே, அந்த உயரக் கிரேன். குளிர் தொடங்கும்முன் ஒருநாள் ஏணியில் பாதியிலேயே மூச்சு முட்டி நின்றுவிட்டார். இதயம் பலவீனம் என்றார்கள். சில மாதம் வீட்டில் இருந்து, மருந்தில் தேறி, மருந்து நிற்காதவரை ஏறலாம் என்று டாக்டர் ஒப்புக்கொண்டபின் திரும்ப வேலைக்குப் போனார். அவர் வேலைக்குத் திரும்பிய வாரமும் மிட்டாய் டப்பா அந்த வீட்டுக்குள் வந்த வாரமும் ஒன்றே.

தராசு ஒரே மாதிரி இரண்டு மாத்திரைப் பெட்டிகள் வாங்கினாள். நாளுக்கு ஒரு அறை. ஒன்றில் அப்பாவின் மாத்திரை, மற்றதில் அவளுடைய மிட்டாய். காலையில் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் ஒன்றாகப் போடுவார்கள். இதை வகுப்பில் சொன்னபோது மேடம் சந்தோஷப்பட்டார். "மருந்தாளுநரும் நோயாளியும் கூட்டு சேர்றதுன்னா இதுதான்" என்றார். தராசு தலைகுனிந்து சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

மாதக் கடைசியில், இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு நிஜ நோயாளியின் வீட்டுக்குப் போய், மருந்து எப்படிப் போடுகிறார் என்று பார்த்து வரவேண்டும். "எங்கப்பா இருக்காரு, வேற எங்கயும் அலைய வேண்டாம்" என்றாள் தராசு. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆனால் அன்று காலை வீட்டுப் படியேறும்போது பெருமை குறைந்திருந்தது.

"கால் வீங்குது. ராத்திரி ரெண்டு தலகாணி வெச்சும் படுக்க முடியல. முந்தாநாள் கிளினிக்குல தண்ணி மாத்திரையை டபுள் பண்ணிட்டாங்க. ஒரு வேளைகூட விடலை, நான் பாத்துக்கிட்டே இருக்கேன். அப்படியும் கேக்கலைன்னா..." முடிக்காமல் கதவைத் தட்டினாள்.

உள்ளே வெளியைவிடக் குளிராக இருந்தது. எல்லா ஜன்னலும் விரியத் திறந்து கிடந்தன. அம்மா கழுத்துக்கும் காதுக்கும் துணி சுற்றிக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு ஓட்டலுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவர். நீளமான பச்சைத் துணி மெஷினிலிருந்து இறங்கி அறை முழுக்கப் பரவி, காற்றில் உப்பியது.

"மேல கோட்டைக் கழட்டாதப்பா" என்றார் என்னிடம். "இந்த வீட்டுல கோட்டு போட்டுக்கிட்டுத்தான் தூங்குறோம். இவருக்குக் காத்து ஒத்துக்குது. காத்து நல்லா அடிக்கிற நாள்ல மறுநாள் கால் வத்துது, மூச்சு லேசா இருக்கு. நானே கண்ணால பாத்துட்டேன். அதான் திறந்து போட்டுட்டேன். டாக்டருக்குத் தெரியுமா இதெல்லாம்?"

"அம்மா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றாள் தராசு.

"உனக்கு மிட்டாய்ப் படிப்பு. எனக்குப் புருஷன்."

அப்பா ஜன்னலோரம் காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். அகன்ற தோள், சிறிய கண்கள். வெகுதூரம் பார்த்துப் பழகிய கண்கள் என்று தோன்றியது. ஜன்னலுக்கு வெளியே, கூரைகளுக்கு அப்பால், அவருடைய கிரேன் மஞ்சளாக நின்றது. அன்று காற்று அவ்வளவு பலமாக இல்லை. மதிய ஷிப்டுக்கு அவர் போக வேண்டும்.

"வா தம்பி. நீதான் சந்தேகமா? வீட்டுல தினம் உன் பேரு அடிபடுது."

"நல்லதாவா ஐயா?"

"பாத்தியா, சந்தேகத்தை!" என்று சிரித்தவர், சிரிப்புக்கு நடுவே மூச்சுக்கு நின்றார்.

தராசு அவர் காலுறையை இறக்கி, கணுக்கால் மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். பிசைந்த மாவில் பதிந்ததுபோல் குழி நின்றது. எழும்பவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு பெட்டிகளையும் மேசையில் வைத்தாள்.

"போடலாமாப்பா?"

அவர் தன் பெட்டியில் அன்றைய அறையைத் திறந்து எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி, ஒரே வீச்சில் வாயில் போட்டு, தண்ணீர் குடித்தார். தராசு தன் மிட்டாய்களைப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குத்தானே வந்தது. தராசு தம்ளர்களை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அப்போது அவருடைய தாடைக்குள் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

மெல்லிய சத்தம். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்டதா, கேட்டதுபோல் இருந்ததா? மாத்திரையை யாரும் கடிப்பதில்லை, கசக்கும். மிட்டாயைத்தான் கடைசியில் கடிக்கத் தோன்றும். ஒரு மாதமாக நானும் ஒவ்வொரு காலையும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

அம்மா முடித்த திரைச்சீலையை மடித்து, கீழ்வீட்டில் இஸ்திரி போட எடுத்துப் போனார். தராசு சூப்பைச் சூடு பண்ண அடுக்களைக்குப் போனாள். உப்பில்லாத முட்டைக்கோஸ் சூப். அப்பாவுக்காக வீடே உப்பை விட்டிருந்தது. கேட்பதா வேண்டாமா என்று நான் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினேன். 'போட்டீங்களா' என்று கேட்கக் கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது.

"ஐயா, இதுல எதைப் போடுறது ரொம்பக் கஷ்டமா இருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். அடுக்களைப் பக்கம் பார்த்தார். கடைசியில் கிரேனைப் பார்த்தார்.

"மேல ஏறினா சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்கலாம்" என்றார் மெதுவாக. "ஏணியில இறங்கி ஏறினா அரைமணி போயிடும். கீழ கம்பியைக் கொக்கியில மாட்டிக்கிட்டு ஆளுங்க அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்பாங்க. அந்த வெள்ளை மாத்திரை இருக்கே, அது ஆள் பாத்து, இடம் பாத்து வராது. பாட்டில் வெச்சுக்கோன்னான் ஒருத்தன். நாலு பக்கமும் கண்ணாடிக் கூண்டு தம்பி. எதிர்க் கட்டிடத்துல ஆபீசு. டைப் அடிக்கிற பொண்ணுங்க தினமும் எனக்குக் கை காட்டும், நானும் காட்டுவேன். அங்க உக்காந்துக்கிட்டுப் பாட்டிலை எடுக்கச் சொல்றியா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"முதல் நாள் போட்டுட்டுத்தான் ஏறினேன். கம்பிக் கட்டு அந்தரத்துல தொங்குது, எனக்கு வயித்துல உயிர் போகுது. கை நடுங்கிடுச்சு. என் கை நடுங்கினதே இல்ல. கீழ பத்துப் பேர் தலை. அன்னைக்கு நினைச்சேன், ஒண்ணு இந்த மாத்திரை, இல்லாட்டி இந்தக் கூண்டு. வீட்டுக்கு வந்தா மேசை மேல டப்பா. அதே வெள்ளை, அதே வட்டம்."

"மத்ததெல்லாம்?"

"சிவப்பும் மஞ்சளும் நிஜம்தான். வெள்ளை மட்டும் மாத்துவேன். காத்து பலமா அடிச்சா கிரேனை நிறுத்திடுவாங்க. கீழ கொட்டகையில உக்காந்திருப்போம், கக்கூஸ் பக்கத்துலயே. அன்னைக்கு நிஜத்தைப் போட்டுடுவேன். முழுசா ஏமாத்தலைப்பா."

காற்று அடிக்கும் நாள். மறுநாள் கால் வற்றுவது. திறந்த ஜன்னல்கள். அம்மா கண்ணால் பார்த்தது பொய்யில்லை.

"அவகிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? காலையில எதிர்ல உக்காந்து, 'போட்டாச்சாப்பா'ன்னு கேட்டு, ஜெயிச்ச மாதிரி ஒரு பார்வை பாப்பா. எங்க வீட்டுலதான் மேடம் சொன்ன மாதிரி நடக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கா. அந்த முகத்தைப் பாத்துட்டு வாயைத் திறக்க முடியல." நாற்காலி முதுகில் தொங்கிய வேலைச் சட்டையின் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தார். அவிழ்த்தார். வெள்ளை மாத்திரைகள். "குப்பையில போடவும் மனசு வரல. சரி விடு. கேட்டுட்டே, பொய் சொல்ல மாட்டேன். இன்னையிலேர்ந்து போடுறேன். டபுள்தானே? விட்டதுல நாலைச் சேத்துப் போட்டாக் கணக்கு நேராயிடும். நீ அவகிட்ட மட்டும் சொல்லாதே."

நான்கை எண்ணி உள்ளங்கையில் எடுத்தும்விட்டார்.

எனக்குத் தெரிந்தது அரைகுறை. ஆனால் போன வாரப் பாடம் அப்போது வேறு யாரோ சொல்வதுபோல் காதில் கேட்டது. டாக்டர் அளவை இரட்டித்தது, பழைய அளவை ஒழுங்காக விழுங்கும் ஆளுக்கு. அந்த ஆள் இந்த நாற்காலியில் இல்லை. அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. அதன்மேல் இத்தனை தண்ணி மாத்திரையும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடசடவென்று இறங்கும், எழுந்து நின்றால் கண் இருட்டும். அவர் நிற்கப் போவது ஏணியில். இதுவரை சொன்ன பொய்யைவிட இந்த நல்ல புத்தி ஆபத்து.

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னப்பா?"

"வேண்டாம் ஐயா. தப்பா இருந்தா என்னைத் திட்டுங்க. இப்பப் போடாதீங்க. இதைப் போட்டுட்டு இன்னைக்கு ஏறினீங்கன்னா பாதி ஏணியில மயக்கம் வரும்."

"போடலைன்னாலும் தப்பு, போட்டாலும் தப்பா?"

"ஆமாம்."

"என்ன படிப்புடா இது!"

நாங்கள் அப்படி இருக்கும்போது தராசு சூப்போடு வந்து நின்றாள். நான் அவள் அப்பாவின் கையை முறுக்கிக்கொண்டிருப்பதுபோல்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"என்ன நடக்குது இங்க?"

நான் அவரைப் பார்த்தேன். நான் சொல்வதா? அது என் வாயிலிருந்து வந்தால் கோள் சொன்னதாகிவிடும். அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, மாத்திரைகளைக் கைக்குட்டையிலேயே போட்டார். தன் பெட்டியில் மறுநாளின் அறையைத் திறந்தார். அதற்குள்ளும் மாற்றியிருந்தார். ஒரு வெள்ளை வட்டத்தை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"இந்தா. வாயில போடு."

"அப்பா, இது உங்க மாத்திரை."

"போடும்மா."

அவள் நாக்கில் வைத்தாள். முகம் முதலில் சுளித்தது, கசப்பை எதிர்பார்த்து. பிறகு சுளிப்பு நின்றுவிட்டது. அவள் வாயிலிருந்து புதினா வாசனை வந்தது. தட்டு சாய்ந்து சூப் தரையில் வழிந்தது.

"எத்தனை நாளா?" என்றாள்.

"நீ டப்பாவைக் கொண்டாந்ததுலேர்ந்து."

"என் டப்பாவிலேர்ந்தா? என் எதிர்ல உக்காந்துக்கிட்டா? நான் அங்க போய்... மேடம்கிட்ட... முந்தாநாள் டாக்டர்கிட்ட 'நான் சாட்சி'ன்னேன்ப்பா! சாட்சி!" குரல் உடைந்து கத்தினாள். "செத்துப் போயிருந்தா? என் மிட்டாயைத் தின்னுட்டுச் செத்துப் போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

அவர் திருடி மாட்டிக்கொண்ட பையனைப்போல் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வாசற்படியில் இஸ்திரித் துணியோடு நின்றிருந்தார். "காத்தடிச்ச நாள்ல?" என்று மட்டும் கேட்டார்.

"கிரேன் நிக்கும். கீழ இருப்பேன். அன்னைக்கு நிஜ மாத்திரை" என்றார் அப்பா.

அம்மா துணியை மேசையில் வைத்தார். ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ச் சாத்தினார். கொக்கி விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. கடைசி ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பி, "ஒரு மாசமா என்னை ஐஸ் பெட்டியில வெச்சிருந்தியே மனுஷா" என்றார். கண்ணைத் துடைத்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தராசு தரையில் உட்கார்ந்து சூப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். பிறகு அங்கிருந்தபடியே, தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"அப்பா, வேற எது கஷ்டமா இருக்கு?"

"வெள்ளை மட்டும்தான்" என்றார். காலுறையை மேலே இழுத்துக்கொண்டு, "மஞ்சளும்" என்றார். "போட்டா காலையில கை கால் பாரமா இருக்கு. மேல ஏறும்போது பாதியில நிக்கிறேன். அதையும் விட்டுடலாமான்னு இந்த வாரம்தான் நினைச்சேன்."

அவள் தலையாட்டினாள். திட்டவில்லை. எழுந்து மேடத்துக்குப் போன் செய்தாள். மேடம் இரண்டே கேள்விதான் கேட்டார், பதிலைக் கேட்டதும் அவர் சொன்னது எனக்கே வெளியில் கேட்டது: "ஏற விடாதே. கூடுதலா எதையும் குடுக்காதே. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போ. அந்தக் கைக்குட்டையையும் எடுத்துட்டுப் போ."

ஷிப்டுக்கு வரவில்லை என்று சொல்ல அவர் போனை எடுத்தபோது விரல் எண்கள்மேல் நின்றது. ஜன்னல் வழியே கிரேனின் மஞ்சள் கையைப் பார்த்துக்கொண்டே, "கூண்டுலேர்ந்து இறக்கிடுவாங்க" என்றார். இறக்கமாட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. அவர் எண்ணை அழுத்தினார்.

கிளினிக்கில் டாக்டர் கைக்குட்டையை விரித்து மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணினாராம். பிறகு இரட்டிப்பை எடுத்துவிட்டு, ரத்தம் பார்த்து, பழைய அளவிலிருந்தே திரும்பத் தொடங்கச் சொன்னார். தண்ணி மாத்திரையைக் காலையில்தான் போட வேண்டும் என்று கட்டாயமில்லை, வேலை விட்டு வந்ததும் போடலாம் என்றும் சொன்னார். "இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அப்பா கேட்டதற்கு, "நீங்க என்ன வேலைன்னு நான் கேக்கவே இல்லையே" என்றாராம் டாக்டர். கிரேன் விஷயத்தில் மட்டும் அவர் இளகவில்லை. பரிசோதனை எல்லாம் திருப்தியாக இருந்தால் பிறகு பார்க்கலாம், அதுவரை தரையில்.

வகுப்பில் எங்கள் முறை வந்தபோது தராசு எழுந்து நின்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. மெத்தைக் கடைக்காரர் விழித்துக்கொண்டிருந்தார். "நானும் பாதி நாள் வெள்ளையைப் போடலை மேடம்" என்றார். பின்வரிசையில் இன்னொரு கை உயர்ந்தது. அப்புறம் இன்னொன்று.

அதற்குப் பிறகு ஒரு மாலை, வகுப்புக்குச் சேர்ந்து போகலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். ஜன்னல்கள் மூடியிருந்தன, கோட்டைக் கழற்ற முடிந்தது. அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். தரையில் நின்று, மேலே இருக்கும் புது ஆளுக்கு ரேடியோவில் வழி சொல்லும் வேலை. "கொக்கியை இறக்குறானா, கொலை பண்றானான்னு தெரியல. காத்தடிச்சா அவன் கை ஆடுது" என்று குறைபட்டார். சொல்லும்போது கண் ஜன்னலுக்குத்தான் போயிற்று. தராசு குனிந்து கட்டைவிரலை அழுத்தினாள். குழி விழுந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவசரமில்லாமல், எழும்பி வந்தது.

இருவரும் பெட்டியைத் திறந்தார்கள். மிட்டாய் மாதம் முடிந்துவிட்டது. தராசு மட்டும் விடவில்லை. அவருடைய வேளை மாலைக்கு மாறியதால் அவளும் மாலைக்கு மாறியிருந்தாள். இப்போது அவருடையதை அவர் அவளிடம் காட்டினார், அவளுடையதை அவள் அவரிடம் காட்டினாள்.

நாங்கள் கிளம்பப் புத்தகத்தை எடுப்பதற்குள் அப்பா எழுந்தார். அதே நேரம் தராசும் விதிப்படி எழுந்தாள். அந்த வீட்டில் கழிப்பறை ஒன்றுதான். கதவுக்கு முன்னால் இருவரும் இடித்துக்கொண்டார்கள்.

"அப்பா, நான் முதல்ல வந்தேன். வகுப்புக்கு நேரமாச்சு."

"தள்ளும்மா. உன்னுது மிட்டாய். என்னுது நிஜம்."

கதவு சாத்திக்கொண்டது. தராசு வெளியே நின்றாள். உள்ளேயிருந்து கேட்ட சத்தத்தை, முள் நிற்கும்வரை பார்ப்பவளைப்போல், மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.